கணவர் பெயர் முனிசாமி

அந்த நாளில் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் இறங்கி, "ஷரீபு நர்சம்மா எந்த ஆஸ்பத்திரில கீறாங்க?" என்று யாரைக் கேட்டாலும் போதும். பூக்காரியாகட்டும், டீக்கடைக்காரராகட்டும், கேட்டவள் முகத்தை ஒரு தரம் பார்ப்பார்கள். வழி சொல்வார்கள், அல்லது கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார்கள். எதற்கு, என்ன உடம்புக்கு என்று ஒரு கேள்வி வராது. இப்போது ஒரு தெருவுக்கு வழி கேட்டால் போதும், நம் ஜாதகத்தையே வாங்கிவிட்டுத்தான் விடுகிறார்கள். என்னத்தைச் சொல்ல, அந்த ஊர் வேறு, அந்த மனுஷர்கள் வேறு.

ஷரீபுன்னிசா பிறந்தது கோவளத்தில். தகப்பனார் நூர்முகமது கருவாட்டு வியாபாரி. மகள் நர்ஸ் படிப்புக்குப் போனதற்குத் தொண்டு மனப்பான்மை, தியாகம் என்றெல்லாம் காரணம் தேடினால் ஏமாந்துதான் போக வேண்டும். பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நாடி பிடித்துப் பார்த்த நர்ஸின் மார்பில் குத்தியிருந்த குட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் கடிகாரத்தின் மேல் வந்த ஆசைதான் எல்லாம். இதை அவளே வெட்கமில்லாமல் சொல்லுவாள்.

செங்கல்பட்டில் வளையல் கடை வைத்திருந்த ஷேக் தாவூத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், டாக்டர் லோகநாயகி 1963-ல் எட்டுக் கட்டிலோடு ஒரு நர்சிங் ஹோம் திறந்தபோது முதல் நாளே வேலைக்குச் சேர்ந்தாள். கொளவாய் ஏரிக் காற்று நேராக உள்ளே வரும் கட்டடம் அது. காலையில் ஊசிகளைக் கொதிக்கப்போடும் வாசனை, டெட்டால் வாசனை, அதோடு மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் டாக்டரம்மாவுக்கென்று கூடையில் கொண்டுவரும் வஞ்சிரத்தின் வாசனை. டாக்டரம்மா சைவம். மீன் முழுக்க ஷரீபுவின் வீட்டுக்குத்தான் போகும். சிற்பிகளின் வீட்டுப் பெண்கள் கூந்தலில் கல் தூசியோடு வருவார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலை தொடங்கிய பிறகு, எங்கெங்கோ ஊர்களிலிருந்து குடிவந்த உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். எல்லோரும் ஒரே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவள் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார்கள். அந்த பெஞ்சை நினைத்தாலே இன்றைக்கும் மனசு நிறைகிறது.

ஆனால் அந்த பெஞ்சில் உட்காராமல் பின்வாசல் வழியாக வருகிற பெண்களும் உண்டு. யாரிடமோ போய் எதையோ செய்துகொண்டு, காய்ச்சலும் உதிரப்போக்குமாக, பாதி உயிரோடு வருவார்கள். கருவைக் கலைத்தால் ஜெயில் என்று இருந்த காலம். கலைத்துக்கொண்டவளுக்கும் ஜெயில். வந்தவளைக் காப்பாற்றப்போய், போலீஸ் காதில் விழுந்தால், கலைத்தது யார் என்ற கேள்விக்குக் கடைசியாகக் கை வைத்த டாக்டர்தான் அகப்படுவார். அதற்காக வாசலில் விழுந்து கிடப்பவளைத் திருப்பி அனுப்ப முடியுமா? டாக்டரம்மா ஒருத்தியைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. நோட்டில் எழுதுவது ஷரீபுவின் பாடு.

அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். நோய்: அதிக உதிரப்போக்கு. பெயர்: அந்த நேரத்தில் வாயில் வருகிற ஒன்று. கணவர் பெயர் மட்டும் எப்போதும் முனிசாமி. ஏன் முனிசாமி என்றால் அவளுக்கே தெரியாது. முதல் தடவை பேனா அப்படி எழுதிவிட்டது, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. சென்னையிலிருந்து கருங்குழி வரைக்கும், கடற்கரையில் முட்டுக்காடு வரைக்கும் அந்த முனிசாமிக்கு மனைவிமார் இருந்தார்கள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டும்போதெல்லாம், "ஏன் ஷரீபு, முனிசாமிக்கு இது எத்தனையாவது?" என்று கேட்டுச் சிரிப்பார். "அவன் கிடக்கறான் கேடுகெட்டவன்" என்பாள் ஷரீபு. இப்படி ஒன்பது வருஷம் எத்தனையோ பெண்கள் அந்த முனிசாமியின் தயவில் பேர் வெளியே வராமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

1972-ல் சட்டம் மாறியது. தாயின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால், அங்கீகாரம் பெற்ற இடத்தில், டாக்டர் செய்யலாம். நர்சிங் ஹோமுக்கு அந்த அங்கீகாரம் வந்து சேர மேலும் நாலு வருஷம் ஆயிற்று. அதிகாரிகள் வந்து ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்கள், தியேட்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள், ஒரு கட்டு பாரங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு டாக்டரம்மா ஷரீபுவை எதிரே உட்காரவைத்துப் பாரங்களைப் பிரித்துக் காட்டினார். இது டாக்டர் தன் முடிவை எழுதிக் கையெழுத்திடுவது. இது அந்தப் பெண் சம்மதம் சொல்லிக் கையெழுத்திடுவது. இரண்டையும் ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்து, மேலே ரகசியம் என்று எழுதி, நம்பர் மட்டும் போட வேண்டும். பெயர் இருக்கும் ரிஜிஸ்டரை ஷரீபு எழுதி முடித்ததும் டாக்டரின் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மற்ற எல்லா இடத்திலும், கையில் கொடுக்கும் சீட்டில்கூட, நம்பர்தான்.

"இனிமே நாம ஒளிக்க வேண்டாம் ஷரீபு. சட்டமே ஒளிச்சு வெச்சுக்குது. நாம உண்மையை எழுதினாப் போதும். உண்மையை எழுதலைன்னாத்தான் தப்பு" என்றார்.

"சரிங்க டாக்டரம்மா" என்று தலையை ஆட்டினாள் ஷரீபு. மண்டைக்குள் ஏறியது. மனசுக்குள் ஏறவில்லை.

1977 ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வசுமதி வந்தாள். கருங்குழிப் பெண். கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்த கோபாலகிருஷ்ணனின் மனைவி. மூன்று பெண் குழந்தைகள். திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அங்கே இறங்காமல் அதே பஸ்ஸில் செங்கல்பட்டுவரை வந்துவிட்டாள். வாசலில் மூன்றே படி. அதை ஏறுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். சின்ன வயசில் வந்த காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. மூன்றாவது பிரசவத்திலேயே பிழைத்தது பெரும்பாடு. இப்போது இரண்டரை மாதம்.

டாக்டரம்மா அவளைத் தனியே உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். இந்தப் பிள்ளையைச் சுமந்தால் அவள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். இங்கே வந்தது வீட்டில் தெரியுமா என்றார்.

"தெரிஞ்சா விட மாட்டார் டாக்டர். இந்தத் தடவை பையன்தான்னு ஜோசியர் சொல்லிட்டாராம். மாமியார் ஊர்லேர்ந்து இப்பவே லேகியம் கிளறிக் கொண்டுவந்துட்டாங்க."

"சட்டப்படி உன் சம்மதம் போதும்மா, வேற யார் கையெழுத்தும் வேண்டாம்" என்று சொல்லி, அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, பாரம் எழுத ஷரீபுவிடம் அனுப்பினார்.

ஷரீபு பேனாவைத் திறந்ததும் வசுமதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நர்சம்மா, என் பேர் எங்கயும் வரக்கூடாது. எங்க குவார்ட்டர்ஸ்ல ஒருத்தி தும்முனா நாலாவது பிளாக்ல நூறு ஆயுசு சொல்றாங்க."

"அதெல்லாம் வராது கண்ணு. கவர்ல போட்டு அரக்கு வெச்சிடுவோம்."

"யாராவது பிரிச்சிட்டா?"

உள்ளதைச் சொன்னால், அந்த அரக்கின் மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை. அரக்கைப் பார்த்து எந்த ஊர் கிளார்க் பயந்திருக்கிறான்? வசுமதியின் கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. ஷரீபு குனிந்து எழுதினாள். பெயர்: எல்லம்மாள். கணவர் பெயர்: முனிசாமி. ஊர்: மாமல்லபுரம்.

"இதே பேரைக் கையெழுத்துப் போடு. நீ யாருன்னு அல்லாவுக்கும் எனக்குந்தான் தெரியும்" என்றாள்.

வசுமதி ஒரு கணம் தயங்கிவிட்டு, முத்து முத்தான எழுத்தில் எல்லம்மாள் என்று போட்டாள். டாக்டரம்மா தன் பாரத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் கண் முழுக்க நோயாளியின் நாடியிலும் மூச்சிலும் இருந்தது. பதினாலு வருஷமாகக் கூடவே இருக்கும் ஷரீபு எழுதியதை அவர் என்றைக்குப் படித்துப் பார்த்தார், அன்றைக்குப் படிக்க?

எல்லாம் நல்லபடி முடிந்தது. அன்று சாயங்காலமே வசுமதி நம்பர் மட்டும் எழுதிய சீட்டோடு பஸ் ஏறிவிட்டாள்.

கரு தானாகக் கலைந்துவிட்டது என்றுதான் வசுமதி வீட்டில் சொல்லியிருந்தாள். ஆவணியில் அந்தச் சீட்டு கோபாலகிருஷ்ணன் கையில் அகப்பட்டது. புடவை மடிப்பில் வைத்திருந்தாளாம். மேலே நர்சிங் ஹோமின் பெயர், தேதி, நம்பர். அவர் கேட்டார், அவள் அழுதாள், விஷயம் வெளியே வந்தது. மறுநாளே மனைவியையும் மூன்று பெண்களையும் கருங்குழியில் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன் மனைவியின் சம்மதமில்லாமல் ஆபரேஷன் செய்துவிட்டார்கள் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார். அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள், எமர்ஜென்சி முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. குடும்பக்கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன கதைகள் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. சம்மதமில்லாமல் ஆபரேஷன் என்று ஒரு காகிதம் வந்தால் எந்த அதிகாரியும் அதைக் குப்பைக்கூடையில் போட முடியாது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானே வந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த எட்டுக் கட்டிலில் பிறந்தவர்கள்தான்.

"அந்தம்மாவோட சம்மதப் பத்திரத்தக் காட்டிடுங்க டாக்டரம்மா, இன்னிக்கே முடிச்சிடறேன். பத்திரம் இல்லன்னா மட்டும் என் கையில ஒண்ணும் இல்ல. செக்‌ஷன் முந்நூத்திப் பதிமூணு. ஆயுள் வரைக்கும் போவும்."

"இருக்கு" என்றார் டாக்டரம்மா, தலை நிமிர்ந்து. "சீல் வெச்சது. நீங்க எழுதிக் கேளுங்க. வக்கீலை வெச்சுப் பிரிச்சு வியாழக்கிழமை நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுவரேன்."

வாசற்படியில் மருந்துத் தட்டோடு நின்றிருந்த ஷரீபு தட்டை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்தாள். உறைக்குள் வசுமதி என்று ஒருத்தி இல்லவே இல்லையே. இருப்பது முனிசாமி மனைவி எல்லம்மாள் அல்லவா? பெற்ற தாயைப் போல் தன்னை நம்பிய ஒரு மனுஷியைத் தன் கையாலேயே ஜெயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று.

மத்தியானம் தாவூத் வழக்கம்போல் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டு டிபன் கேரியரைக் கொண்டுவந்தார். அவள் பிசைந்த சோறு பிசைந்தபடி இருந்தது.

"இன்னா ஷரீபு, பேயறஞ்ச மாதிரி கீற?"

சொன்னாள். அவர் கேரியரை மூடினார். "எழுந்து போய் இப்பவே சொல்லு."

"மூஞ்சில முழிக்க மாட்டாங்க."

"முழிக்கலன்னா போவுது. வியாழக்கிழமை அத்தினி பேர் முன்னாடி அவங்க கவரைப் பிரிச்சு நிக்கறத வுட இப்ப திட்டு வாங்கறது மேலு."

போய்ச் சொன்னாள். டாக்டரம்மா பீரோவைத் திறந்து, உறையை எடுத்து, அரக்கை உடைத்து, பாரத்தைப் படித்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முனிசாமிக்கு இது எத்தனையாவது ஷரீபு?" என்றார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. ஷரீபு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு விசும்பினாள்.

வக்கீல் நரசிம்மன் அன்று மாலை வந்தார். மெலிந்த மனிதர். எதையும் இரண்டு தரம் சொல்கிறவர். பழைய தேதி போட்டுப் புதிதாக ஒரு பாரம் எழுதி அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிடலாமே, வாங்கிவிடலாமே என்றார்.

"ஒரு பொய்யால மாட்டிக்கிட்டு நிக்கறேன். ரெண்டாவது பொய்யை என் கையால எழுத மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"நானாத்தான் எழுதனேன், டாக்டரம்மாக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடறேன் வக்கீலய்யா. அதானே நெசம்" என்றாள் ஷரீபு.

"பாதி உண்மைம்மா. எழுதினது நீதான்னு உன்னால சொல்ல முடியும். அந்தப் பொண்ணு சம்மதிச்சாளான்னு யாரால சொல்ல முடியும்? அவளாலதான். அவளாலதான் முடியும்."

"அவளைத் தொந்தரவு பண்ணக்கூடாது. அவ என் நோயாளி" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கண்டிப்பை ஷரீபு கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை, புதன்கிழமை, கருங்குழிக்கு பஸ் ஏறினாள்.

வசுமதி கொல்லையில் கடைசிப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஷரீபுவைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. தாயாரை மோர் கலக்க அனுப்பிவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

கோபாலகிருஷ்ணன் எழுதியது. நேர்த்தியான எழுத்து, வரைபடம்போல. 'நடந்தது நடந்துவிட்டது. உன்னை மயக்கிவிட்டு டாக்டர் செய்துவிட்டார் என்று போலீஸில் சொல்லிவிடு. ஒன்றும் நடக்காததுபோல நானே வந்து உங்களை அழைத்துப்போகிறேன். அம்மாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.'

"வாரத்துக்கு மூணு லெட்டர். அவர் கெட்டவர் இல்ல நர்சம்மா. பெரியவ இஸ்கூலுக்குப் போகணும்னு தினம் அழுவறா" என்றாள் வசுமதி.

"நீ இன்னா பண்ணப் போற?"

"தெரியல."

காலில் விழுந்து கெஞ்ச வேண்டும் என்றுதான் ஷரீபு வந்திருந்தாள். வழி நெடுக அதற்கான வார்த்தைகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. டாக்டரம்மாவுக்காக இவள் வாழ்க்கையை வாரிக் கொடு என்று கேட்க அவள் யார்? இந்தக் கோளாறெல்லாம் யார் எழுத்தால் வந்தது?

"நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கூப்பிட்டுகீறாங்க. வரணும்னு தோணுச்சின்னா வா. உன் வூட்டுக்குப் போவணும்னா போ கண்ணு. உன்னிய ஒண்ணும் சொல்ல எனக்கு வாயி கிடையாது" என்றாள். மோரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வசுமதியை மனசார வைதாள். உயிரை மீட்டுக் கொடுத்தவளைக் காட்டிக்கொடுக்கப் போகிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று வைதாள். ஏரிக்கரை வந்ததும் அந்த வசவெல்லாம் தன் பக்கமே திரும்பிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அந்தக் காலத்து பஸ்ஸில் அதெல்லாம் உண்டு.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், ரைட்டர், இரண்டு கான்ஸ்டபிள், டாக்டரம்மா, வக்கீல். ஒரு பக்கம் இஸ்திரி போட்ட டெரிலின் சட்டையில் கோபாலகிருஷ்ணன். வேறு ஏதோ காரியமாக வந்து, வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட இரண்டு பேர். ஷரீபு எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள். முனிசாமியின் கதையை முதலிலிருந்து சொன்னாள். பின்வாசலில் வந்த ஒருத்தியின் உண்மைப் பெயரையும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொல்றத நான் நம்பறேன் நர்சம்மா. ஆனா கோர்ட்டு கேக்கும். வசுமதின்னு ஒரு பேப்பரும் இல்லியே."

அப்போதுதான் வாசலில் வசுமதி வந்து நின்றாள். படி ஏறிய களைப்பில் பேச முடியவில்லை. கான்ஸ்டபிள் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்து மூச்சு விடும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"வசு, நான் எழுதினதைப் படிச்சியா?" என்றார் கோபாலகிருஷ்ணன், தணிந்த குரலில்.

"படிச்சேன்."

இன்ஸ்பெக்டர் பாரத்தை அவள் முன்னால் நீட்டினார். "இது யாரு கையெழுத்தும்மா?"

"என்னோடது."

"இந்த ஆபரேஷனுக்கு உங்களுக்குச் சம்மதம் இருந்திச்சா? யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாம சொல்லுங்க."

"சம்மதம் இருந்துச்சு. நான்தான் போய்க் கேட்டேன்."

"புருஷன்கிட்ட ஏன் சொல்லல?"

வசுமதி கணவனைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா, பையன் பொறப்பான் வசுன்னு சொல்லியிருப்பார். நான் சாவேன்னு அவர் நினைச்சே பார்த்திருக்க மாட்டார்."

ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். அவள் அதில் மூன்று தடவை எல்லம்மாள் என்று எழுதினாள். அதே முத்து எழுத்து. கோபாலகிருஷ்ணனின் காது மடல் சிவந்துவிட்டது. புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அவருடைய ஸ்கூட்டர் ஆறு உதைக்குக் கிளம்பவில்லை. ஏழாவதுக்குத்தான் கிளம்பியது. உள்ளே இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரைத் திட்டத்தான் வாய் துடிக்கிறது, ஆனால் முழுசாகத் திட்டவும் மனசு வரவில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். பெயர் மாற்றி எழுதியதை டாக்டரம்மா தானாகவே மாவட்ட அதிகாரிக்கு எழுதினார். மூன்று மாதம் அங்கீகாரத்தை நிறுத்திவைத்து, எச்சரித்து, திருப்பிக் கொடுத்தார்கள். ஷரீபுவின் வேலை போகவில்லை. ஆனால், "இனிமே பேர் எழுதறது என் வேலை ஷரீபு" என்று சொல்லி டாக்டரம்மா அந்த ரிஜிஸ்டரை வாங்கிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் அழாதவள் அன்றைக்குத் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். கோபாலகிருஷ்ணன் தை மாதம் கருங்குழிக்கு வந்து, வாசலில் வெகுநேரம் நின்று, மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துப் போனார். அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லையாம். இரண்டு வருஷம் கழித்து அவரே அவளைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய் இதய ஆபரேஷன் செய்வித்தார். ஷரீபுவோ கண் மங்கும்வரை அந்த நர்சிங் ஹோமில்தான் இருந்தாள். ரிஜிஸ்டரை மறுபடி அவள் கேட்கவில்லை, டாக்டரம்மாவும் கொடுக்கவில்லை.

இதெல்லாம் பின்னால். அந்த வியாழக்கிழமை மத்தியானம், இதில் ஒன்றும் தெரியாமல், ஷரீபுவும் வசுமதியும் கருங்குழி பஸ்ஸுக்காகப் புளியமர நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உன் பேரு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாதுன்னுதான் கண்ணு அப்படி எழுதனேன்" என்றாள் ஷரீபு. "நான் ஒழுங்கா எழுதியிருந்தா அந்தக் கவரோட போயிருக்கும். என்னாலதான் இத்தினி ஆம்பளைங்க முன்னாடி நீ உன் வாயால சொல்ல வேண்டியதாப் பூட்ச்சி. பெத்த தாயா நினைச்சி மன்னிச்சிடு."

வசுமதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இல்லை. எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சம்மதமான்னு கேட்டாரே அந்த இன்ஸ்பெக்டர்" என்றாள் மெல்ல. "டாக்டரம்மாவுக்கு அப்புறம் இவர்தான் கேட்டிருக்கார் நர்சம்மா. என் கல்யாணத்துக்குக்கூட யாரும் கேக்கல."

பஸ் வந்தது. ஷரீபு அவளை முன்னால் ஏற்றிவிட்டு, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்து, பஸ் நகரும்வரை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.